எட்வின்ஸுக்குப் பணம் இல்லை

விஸ்மா அழைத்தபோது நான் ட்ராமில் இருந்தேன்.
நிதி பாதியாகிவிட்டதாம்.
ஐந்து வாத்தியம் இனி மூன்று.
பாடுபவர் இருவர் இனி ஒருவர்.
யாரை எடுக்கிறோம் என்று நான் கேட்கவில்லை.
இரண்டே பேர் உள்ள ஓப்பராவில்
ஒருவர் முதல் காட்சிக்கு முன்பே செத்துவிட்டார் என்றால்
கணக்கு சுலபம்.

லியபாயாவில் பிப்ரவரி.
இங்கே காற்று வந்து போவதில்லை, குடியிருக்கிறது.
பழைய வலைத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடி,
ஒற்றை ஹீட்டர்.
அதைக் கிளாரினெட்டின் பக்கம்தான் வைக்கவேண்டும்,
குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும்.
வியோலாவும் அக்கார்டியனும் கோட்டோடு.
நான் மேசையில், பென்சிலோடு,
என் வரிகளை நானே அடித்துக்கொண்டு.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
படைப்பின் கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுக.
நினைவும் இழப்பும், என்று நிரப்பினேன்.
அது வாக்கியமே இல்லை. வினைச்சொல் கிடையாது.
வினையெல்லாம் என் தம்பி உல்டிஸிடம் இருந்தது.
ஏறினான். அவிழ்த்தான். போனான்.

எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன்.
படகை லாரியாக்கினேன், கடலைப் பனிச்சாலையாக்கினேன்,
அக்காவை மனைவியாக்கினேன்.
மாற்றாதது அவன் தொலைபேசியில் சொன்னது மட்டும்:
பூட்ஸ் கார் டிக்கியில் இருக்கிறது,
எடுத்து உள்ளே வை, நனைந்துவிடும்.
மீட்டர் பெட்டிமேல் சாவி.
அப்புறம், கேள், நான் என்ன சொல்லவந்தேன் என்றால்

இதைத்தான் எட்வின்ஸ் பாடுவதாக இருந்தது.
தன் பிரதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.
ஓரங்களில் அவர் எழுத்து: மூச்சு.
இங்கே அவசரம் வேண்டாம்.
பூட்ஸ் என்னும்போது சிரிக்காதே.
இப்போது ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில்
இரவு விருந்துக்குப் பாடுகிறார்.
காலை உணவைப் படமெடுத்து அனுப்புகிறார்,
தட்டில் மூன்றுவகை மீன்.

வெட்டிய இடத்தை விஸ்மா தைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
அவள் ஸ்வரங்களை மட்டும் அழித்தாள்.
கட்டங்களை அப்படியே விட்டாள்.
பதினோரு இடம்.
அங்கெல்லாம் அக்கார்டியன் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல்
துருத்தியை மட்டும் விரிக்கும்.
சும்மா காற்று. யாரோ வாய் திறந்ததுபோல.

"எவ்வளவு நேரம் நான் நிற்கவேண்டும்?"
என்றாள் சார்மீதே.
"அவர் பாடியிருக்கக்கூடிய நேரம்."
"அது அவருக்குத் தெரியும். எனக்கு?"

அதனால் அவன் வரிகளையெல்லாம் அவள் மனப்பாடம் செய்தாள்.
பாடாத வரிகள்.
ட்ராமில் உதடு அசைய,
வெந்நீர்க் கோப்பையின்மேல் உதடு அசைய.
அவள் எதிரில் உட்கார எனக்குக் கூச்சமாயிருந்தது,
என் வீட்டுச் சாவி இருக்குமிடம்
ஊரில் இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்டதுபோல.

மூன்றாம் நாள், எட்டாவது இடம்.
துருத்தி விரிகிறது.
கட்டம் ஒன்று. கட்டம் இரண்டு.
மூன்றில் நிற்கவேண்டியவள்
சட்டென்று பாடிவிட்டாள், "சரி, சரி, அப்புறம் பேசு" என்று
தன் அடுத்த வரியை.
வில் நின்றது. கிளாரினெட் நின்றது.
விஸ்மா கையை இறக்கினாள்.

"மன்னிக்கணும், தவறிவிட்டது" என்று சொல்வாள் என்றிருந்தேன்.
சார்மீதே தாளைப் பார்த்தபடி சொன்னாள்:
"இவள் காத்திருக்கமாட்டாள்.
இவன் இழுத்துக்கொண்டே போகிறவன்.
இந்த இடத்தில் இவள் வெட்டியிருப்பாள்."

நான் அதை எங்கும் எழுதவில்லை.
எந்த வரைவிலும் இல்லை.
அடுப்பில் சூப் பொங்கியது,
ரிசீவரைத் தோளில் இடுக்கியிருந்தேன்,
சரி சரி என்றேன்.
எழுதியதெல்லாம் அந்தச் சரி சரி மட்டும்தான்,
யார் பேச்சின் நடுவில் என்று எழுதவில்லை.

விஸ்மா என் பக்கம் திரும்பினாள்.
கதை என்னுடையதாம், நான்தான் சொல்லவேண்டுமாம்.
மூன்று வாத்தியக்காரர்களும் பார்த்தார்கள்.
ஹீட்டர் டிக்கென்று அணைந்து
மறுபடி பற்றிக்கொண்டது.

"இருக்கட்டும்" என்றேன்.
"எட்டாவதில் ஒரு கட்டம் முன்னாலேயே."
அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

வியோலா கேட்டது, "எங்கிருந்து?"
"பூட்ஸுக்கு முன்னாலிருந்து" என்றாள் விஸ்மா.
கிளாரினெட்காரர் விரல்களை ஊதிக்கொண்டார்.